யுரேனியத்தை எடுத்த பிறகும் ஓடையில் இறங்குவது எது?

நீலகிரியில் யுரேனியச் சுரங்கம் கிடையாது. தேவாலா, பந்தலூர் பக்கம் 1880களில் தங்கத்துக்காகக் குடைந்த பழைய சுரங்கங்கள்தான் உண்டு. இருந்தாலும், கைவிட்ட யுரேனியச் சுரங்கத்திலிருந்து எது எப்படி நகரும் என்பது மழையும் சரிவும் சதுப்பும் சேர்ந்த இந்த மலைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தாதுவை அரைத்து யுரேனியத்தைப் பிரித்தாலும், பாறையில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் கழிவுச் சேற்றிலேயே தங்கிவிடும். யுரேனியம் சிதைந்து உண்டான தோரியம்-230, ரேடியம்-226 இரண்டும் பெரும்பாலும் அந்தச் சேற்றோடுதான் போகின்றன. ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள். தோரியத்துக்குச் சுமார் 75,000. ரேடியத்திலிருந்து ரேடான் வாயு ஓயாமல் கசியும். அதன் அரை ஆயுள் 3.8 நாள்தான். அதனால் மேலே களிமண் போட்டு மூடினால் வாயு வெளியே வருவதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். களிமண் ஈரமாக, வெடிப்பில்லாமல் இருக்கும்வரைதான் இந்தப் பாதுகாப்பு. கோடையில் வெடித்தாலோ மரவேர் துளைத்தாலோ போயிற்று.

தண்ணீரில் நடப்பதுதான் சிக்கலானது. பாறையில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகி யுரேனியத்தைக் கரைக்கும். அமிலமே இல்லாவிட்டாலும், ஆக்சிஜனும் பைகார்பனேட்டும் உள்ள நீரில் அது கரைந்து வெகுதூரம் போகும். ஆக்சிஜன் இல்லாத சதுப்பில் கரையாத வடிவுக்கு மாறிக் கரிமண்ணில், அதாவது செடிகொடி முழுதாக மட்காமல் சேர்ந்த மண்ணில், படிந்துவிடும். ஊட்டிப் பக்கத்துப் புல்வெளிப் பள்ளங்களில் இருப்பதும் அந்த மாதிரிக் கரிமண்தான். அப்படி யுரேனியம் படிந்த சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து உருளைக்கிழங்கு போட்டால் காற்று உள்ளே புகும். படிந்தது மறுபடி கரையும்.

ரேடியம் இதற்கு நேரெதிர். அது இரும்பு ஆக்சைடின் மேல் ஒட்டியிருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் இரும்பு கரையும், ரேடியமும் கூடவே கிளம்பும். ஆகவே சுரங்க நீரை நேராகச் சதுப்பில் விட்டுவிட்டுச் சுத்தமாகிவிடும் என்று நம்பக் கூடாது. சல்பேட் உள்ள அந்த நீரில் பேரியம் குளோரைடு சேர்த்து, ரேடியத்தைப் படியவைத்துப் பிரித்த பிறகே வெளியே விட வேண்டும்.

மழை மலையில் எனக்குப் பெரிய பயம் கழிவுக்குளத்தின் கரைதான். 1979 ஜூலையில் அமெரிக்காவின் சர்ச் ராக்கில் அப்படிக் கரை உடைந்து, சுமார் 35 கோடி லிட்டர் கழிவுநீரும் 1,000 டன்னுக்கு மேல் கழிவுச் சேறும் ஆற்றில் இறங்கின.

நீரைச் சோதிக்க, எடுத்த இடத்திலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்டு பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 2க்குக் கீழே கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும். வடிகட்டாத பாட்டில் ஒன்றும் தனியே வேண்டும். வெள்ளத்தில் ரேடியமும் தோரியமும் பெரும்பாலும் வண்டலோடுதான் போகும். ரேடானுக்குக் கண்ணாடிக் குப்பியில் குமிழியில்லாமல் நிரப்பி, சீக்கிரம் ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். கோடையில் மட்டும் எடுத்த மாதிரியை நம்பாதீர்கள். வறட்சியில் கழிவின் மேலே பூத்த உப்பை முதல் மழைதான் கழுவிக்கொண்டு வரும். குடிநீரில் யுரேனியத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். கதிர்வீச்சைவிட, சிறுநீரகத்துக்கு அது நஞ்சு என்பதை வைத்துக் குறித்த அளவு அது.