புளியங்கொட்டை, பத்து ரூபாய், ஒரு நோட்டு: செஸ்ஸும் போக்கரும் கற்கும் நாட்குறிப்பு

ஜூலை 6, 2025, ஞாயிறு

மகளைச் செஸ் வகுப்பில் விட்டுவிட்டு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் காத்திருப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. போன டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனபிறகு அங்கே நாற்காலிகள் கூடிவிட்டன. அம்மாக்கள் சேர்ந்து பள்ளிக் கட்டணம், வேன் தாமதம் எல்லாம் பேசுவோம். உள்ளே பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இன்று திரும்பி வரும்போது, "குதிரையைக் கொடுத்துட்டு ராணியை எடுத்தேன்மா" என்றாள். "சூப்பர்டா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அது வீடு வரைக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. சாப்பிட்டதும் பலகையை விரிக்கச் சொன்னேன்.

யானை நேராக, மந்திரி குறுக்காக, குதிரை தாவும். இதெல்லாம் சின்ன வயதில் கேட்டதுதான். ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறிக் கோட்டை கட்டலாம் என்பது புதிது. சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டி வந்து நின்றால், பக்கத்துச் சிப்பாய் அதைப் போகிற போக்கில் வெட்டலாம் என்பது அதைவிடப் புதிது. ஒன்பது வயதுப் பெண் எனக்கு மூன்று முறை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

ஜூலை 12, சனி

தம்பி பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். நான் செஸ் கற்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அப்படியே போக்கரும் கத்துக்கோ" என்றான். எங்கள் வீட்டில் சீட்டு என்றால் கல்யாண மண்டபத்தில் சித்தப்பாக்கள் விடிய விடிய ஆடும் ரம்மி. பெண்கள் காபி கொண்டுபோய்க் கொடுப்போம், அவ்வளவுதான். இன்று முதல் தடவையாக நான் சீட்டுக் கலைத்தேன்.

ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். நடுவில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று என்று ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது. ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், கூட்டலாம், சீட்டைக் கவிழ்த்து விலகலாம்.

காசுக்குப் பதிலாக அம்மா உலர்த்தி வைத்திருந்த புளியங்கொட்டை. ஆளுக்கு ஐம்பது. நான், தம்பி, என் கணவர், எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன். ஒருவரும் விலகவே இல்லை. ஏழும் இரண்டும் வந்தால் அதைவிட மோசமான கை கிடையாதாம். அதை வைத்துக்கொண்டே நான் மொத்தக் கொட்டையையும் தள்ளினேன். ஒரு மணி நேரத்தில் அலுத்துவிட்டது. தம்பி சீட்டைக் கட்டி வைத்தான். "கொட்டையை வச்சு இதை ஆட முடியாதுக்கா. போனா போகட்டும்னு இருந்தா யாரு பயப்படுவா?"

ஜூலை 20, ஞாயிறு

கீழ்வீட்டு சார் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் போய்ச் சொல்லியிருக்கிறாள். மாலையில் பலகையோடு மேலே வந்தார். மரக்காய்கள். யானையின் மேல்விளிம்பு தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. "ஒரு ஆட்டத்துக்குப் பத்து ரூபா. சும்மா ஆடினா நீ ஏனோதானோன்னு நகர்த்துவேம்மா."

ஐந்து ஆட்டம், ஐம்பது ரூபாய் போனது. முதல் ஆட்டத்தில் பதினோராவது நகர்விலேயே ராணியைப் பறிகொடுத்தேன். கையை எடுத்த நொடியில் தெரிந்துவிட்டது. "சார், ஒரு தடவை திருப்பி வச்சுக்கிறேனே" என்று வாய்வரை வந்தது. பத்து ரூபாய் பலகையின் ஓரத்தில் இருந்ததால் கேட்கவில்லை. மகளிடம் ஆடும்போது கேட்டுவிடுவேன்.

அவர் பழைய மெட்ராஸைப் பற்றி நிறையப் பேசினார். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன், சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப், அங்கே ஆட வந்த சின்னப் பையன் ஆனந்த். அந்தப் பையன் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். எதிராளி யோசித்து முடிப்பதற்குள் பதில் நகர்வை வைத்துவிடுவாராம். சொல்லும்போது சாரின் கை காற்றிலேயே ஒரு குதிரையை எடுத்து வைத்தது.

போகும்போது ஒரே ஒரு பாடம்: "நகர்த்துறதுக்கு முன்னாடி, அவன் எனக்கு செக் வைக்க முடியுமா, எதையாவது வெட்ட முடியுமான்னு பாரு. உன் ஆசையை அப்புறம் பாரு."

ஜூலை 28, திங்கள்

ஜார்ஜியாவில் பாத்துமி நகரில் மகளிர் உலகக் கோப்பை இறுதி. இரண்டு பக்கமும் இந்தியப் பெண்கள். அலுவலகத்தில் இடையிடையே போனில் பார்த்தேன். சமநிலையை உடைக்க ஆடும் வேக ஆட்டமான டைபிரேக்கில் கோனேரு ஹம்பியை திவ்யா தேஷ்முக் வென்றார். அந்த வெற்றியிலேயே கிராண்ட்மாஸ்டர் பட்டமும் வந்துவிட்டது. 19 வயது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மகள் திவ்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஹம்பியைப் பார்த்தேன். அவருக்கு 38. எனக்கும் அதே வயது. ஒரு குழந்தையின் தாய் அந்த மேடை வரை வந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அது போதும்.

ஆகஸ்ட் 2, சனி

தம்பி மறுபடி வந்தான். இன்று நிஜப் பணம். ஆளுக்கு முந்நூறு ரூபாய், அது போனால் எழுந்துவிட வேண்டும், மேலே கடன் கிடையாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தாண்டியதே என்று சமாதானம் செய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

போன தடவை ஆடிய அதே நான்கு பேர். ஆட்டம் அடியோடு மாறிவிட்டது. எதிர்வீட்டுப் பையன் பத்து ரூபாய் கட்டுவதற்கு முன் தன் சீட்டை இரண்டு முறை தூக்கிப் பார்க்கிறான். என் கணவர் பேச்சை நிறுத்திவிட்டார். புளியங்கொட்டையில் இல்லாத பயம் பத்து ரூபாய் நாணயத்தில் இருக்கிறது. அந்தப் பயத்தைப் படிப்பதுதான் இந்த ஆட்டம் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. செஸ்ஸுக்கு இது வேண்டியதில்லை. பத்து ரூபாய் இல்லாவிட்டாலும் சாரின் யானை அதே யானைதான்.

கணக்கும் உண்டு. எனக்குப் பிடித்ததே அந்தப் பகுதி. கையில் இரண்டு ஆர்ட்டின், நடுவில் நான்கு சீட்டு விரிந்து அதில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஆர்ட்டின், அதற்குப் பேர் ஃப்ளஷ். மொத்தம் 13 ஆர்ட்டினில் நான்கைப் பார்த்தாயிற்று, மீதி ஒன்பது. நான் பார்க்காத சீட்டு 46. ஆக ஐந்தில் ஒரு தடவைதான் வரும். நடுவில் 200 ரூபாய் கிடக்கிறது, எதிராளி 50 கட்டுகிறான் என்றால், நான் 50 போட்டு 250 ஜெயிக்கப் பார்க்கிறேன். ஆறில் ஒரு தடவை வந்தாலே நஷ்டமில்லை, ஆகவே போடலாம். நடுவில் 100 கிடந்து அவன் 100 கட்டினால், மூன்றில் ஒரு தடவையாவது வர வேண்டும். வராது. விலக வேண்டியதுதான். பதினைந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். ஆசைக்கு விலை போட முடியும் என்பது தோன்றியதே இல்லை.

கடைசி ஆட்டத்தில் எனக்கு இரண்டு ஏஸ். 221 கைகளில் ஒரு தடவை வருவது. தம்பியிடம் இரண்டு ராஜா. மொத்தப் பணமும் நடுவில் போயிற்று. கடைசிச் சீட்டாக இன்னொரு ராஜா விழுந்தது. மூன்று ராஜா என் இரண்டு ஏஸை அடித்துவிட்டது.

முந்நூறு ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் இரவு தூக்கம் வரவில்லை. எங்கே தப்பு செய்தேன் என்று தேடினேன். தப்பே இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒரு பழைய நோட்டில் கோடு போட்டேன். இடது பக்கம், நான் செய்த முடிவு சரியா தப்பா. வலது பக்கம், பணம் வந்ததா போனதா. ஆகஸ்ட் 2 அன்று எனக்கு நினைவிருந்த ஒன்பது கைகளை எழுதினேன். தப்பாக ஆடிப் பணம் வந்த கை மூன்று. அன்று அந்த மூன்றுக்கும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். பணத்தை வாத்தியாராக வைத்துக்கொண்டால் அந்த மூன்று தப்பையும் மறுபடி செய்திருப்பேன்.

சாரிடம் இதைக் காட்டினேன். செஸ்ஸில் அந்த வலது பக்கமே தேவையில்லை, தோற்றால் காரணம் பலகையிலேயே இருக்கும் என்றார். பேச்சு பந்தயத்துக்குப் போயிற்று. அவருக்கு நீடாமங்கலம் பக்கம். அங்கே திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. யாராலும் சதுரங்கத்தில் ஜெயிக்க முடியாத அரசகுமாரியைச் சிவன் சித்தர் வேடத்தில் வந்து ஜெயித்து மணந்துகொண்டார் என்பது தலவரலாறு. ஜெயிப்பவனுக்கே பெண் என்று பந்தயம் வைத்தது அப்பா. அந்தப் பெண் அடுத்த ஆட்டம் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

இன்று நாலு ஆட்டம், நாற்பது ரூபாய். ஆனால் ஒன்று 47 நகர்வு வரை போனது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று எழுதுவதற்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆன்லைன் பண விளையாட்டுத் தடை மசோதா புதன்கிழமை மக்களவையில், நேற்று மாநிலங்களவையில் நிறைவேறியது. இன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே அதில் இல்லை. ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவது என்றால் எல்லாம் தடை. நடத்துகிறவர்களுக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை.

தமிழ்நாட்டில் இது 2022 சட்டத்திலிருந்தே இழுபறி. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவற்றை அடியோடு தடுக்க முடியாது என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. இந்த வருடம் ஆதார் சரிபார்ப்பும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்பதும் வந்தன.

தம்பி மதியம் போன் செய்தான். அவன் ஆடிக்கொண்டிருந்த ஆப்பில் பண ஆட்டம் நின்றுவிட்டதாம். குரலில் கோபம் இல்லை, ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. எவ்வளவு போயிற்று என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு லட்சத்துக்குக் கிட்டக்கா. நல்லாத்தான் ஆடுவேன். ஒரு நாள் தோத்தா அன்னைக்கே திருப்பி எடுக்கணும்னு நாலு மணி வரைக்கும் உட்காருவேன்." வீட்டில் நான்கு பேர் ஆடினால் ஒருவன் சீட்டுக் கலைக்க வேண்டும், ஒருவர் தண்ணீர் குடிக்கப் போவார், அம்மா விளக்கை அணைக்கச் சொல்வார். போனில் அடுத்த கை ஒரு நொடியில் வந்துவிடுகிறது. ஒவ்வொரு பந்தயத்திலும் நடத்துகிறவனுக்கு ஒரு பங்கு போய்விடுகிறது. நன்றாக ஆடுகிறவனும் அதற்கு மேல் ஜெயித்தால்தான் மிச்சம்.

எனக்கு இந்த ஆட்டம் பிடித்திருக்கிறது. திறமை இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. அந்தத் திறமையில் பாதி, எழுந்துபோகத் தெரிவது. அதை என் தம்பிக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நோட்டைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

முதல் போட்டி. ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் ரேபிட் என்கிற வேக ஆட்டம், ஏழு சுற்று. நுழைவுக் கட்டணம் 600. மகள் ஒரு வரிசையில், நான் ஒரு வரிசையில். என் எதிரே உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதால் கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டேன்.

ஆறு சுற்றில் இரண்டு வெற்றி. கடைசிச் சுற்றில் பதினொரு வயதுப் பையன். ஜெயித்தால் அவன் வயதுப் பிரிவில் ரொக்கப் பரிசு கிடைக்கும் என்று பின்னால் யாரோ பேசியது காதில் விழுந்தது. அவன் ஒரு சிப்பாய் கூடுதலாக எடுத்துவிட்டான். எல்லாக் காயும் வெட்டுப்பட்டு, அவனிடம் ராஜாவும் சிப்பாயும், என்னிடம் ராஜா மட்டும்.

இந்த நிலையைச் சார் இருபது தடவையாவது வைத்துக் காட்டியிருக்கிறார். அவன் ராஜாவுக்கு நேரெதிரே என் ராஜா, நடுவில் ஒரே ஒரு கட்டம். நகர வேண்டியது அவன். அவன் பக்கவாட்டில் போனால் நானும் அதே பக்கம். சிப்பாய் முன்னே வந்தால் நேர் பின்னால் இறங்குவது. கடிகாரத்தில் 40 வினாடி இருக்கும்போது என் ராஜாவுக்குப் போக இடமில்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட். டிரா.

பையன் பலகையையே பார்த்தான். கண் நிறைந்துவிட்டது. விட்டுக்கொடுத்திருக்கலாமோ என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் அவனை ஏமாற்றியிருப்பேன். வராந்தாவில் தேடிப் போனேன். அவன் அப்பாவிடம் கேட்டுவிட்டுத் தரையில் அதற்குச் சில நகர்வு முந்தைய நிலையை அடுக்கினோம். "ஆன்ட்டி, நான் சிப்பாயைத் தள்ளாம ராஜாவை முன்னாடி கொண்டு போயிருக்கணும், இல்ல?" என்றான். ஆமாம். அதைத்தான் செய்திருக்க வேண்டும். மூன்று தடவை ஆடிப் பார்த்தோம். மூன்று தடவையும் அவன் ஜெயித்தான்.

மகளுக்கு நாலரைப் புள்ளி. எனக்கு இரண்டரை. திரும்பும்போது ரயிலில் அவள் தன் ஏழு ஆட்டத்தையும் சொன்னாள். எனக்கு எல்லாம் புரிந்தது.

செப்டம்பர் 20, சனி

தம்பி வந்தான். போனில் அந்த ஆப் இல்லை. அவனாகவே ஒரு நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டிருக்கிறான். ஆளுக்கு நூறு ரூபாய், ஒன்பது மணியோடு நிறுத்தம் என்று அவன்தான் சொன்னான்.

எட்டே முக்காலுக்கு எனக்கு இரண்டு ராஜா. அவனிடம் ஏஸும் ராணியும். நடுவில் எதுவும் விரியும் முன்பே மீதி இருந்த எல்லாவற்றையும் தள்ளிவிட்டோம். பத்தில் ஏழு தடவை நான் ஜெயிக்க வேண்டிய கை. மூன்றாவது சீட்டிலேயே ஏஸ் விழுந்தது. தம்பி காசை இழுத்துக்கொள்ளாமல் என்னையே பார்த்தான். நான் நோட்டை எடுத்தேன்.

முடிவு: சரி. பணம்: போனது, 64 ரூபாய்.