பாட்டி வீணையும் மூன்று தஞ்சாவூர்ப் பயணங்களும்

எங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் வீணை முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது. பாட்டி போன பிறகு யாரும் தொடவில்லை. நான் பதினைந்து வருஷமாக வீணை வாசிக்கிறேன், ஆனாலும் அதை எடுத்துப் பார்க்க ஒரு தயக்கம். போன வருஷம் வீடு வெள்ளையடிக்கும்போது இறக்கித்தான் ஆக வேண்டும் என்றானது. உறையைப் பிரித்தால் மெட்டுகளைப் பிடித்திருந்த மெழுகு பொடிப் பொடியாக உதிர்ந்து, கம்பியை அழுத்தி வாசிக்கும் 24 உலோக மெட்டுகளில் ஒன்பது கையோடு வந்துவிட்டன. கழுத்துப் பக்கம் அடியில் மாட்டும் சுரைக்காயில் எலி ஓட்டை.

விசாரித்து, தஞ்சாவூரில் பரம்பரையாக வீணை செய்யும் ஆசாரி ஒருவரைப் பிடித்தேன். உழவன் எக்ஸ்பிரஸில் நாலடி வீணையோடு ஏறுவது தனிக்கதை. சுரைக்காயைக் கழற்றித் தனிப் பையில் வைத்துக்கொண்டேன், வீணைக்குக் கீழ் பர்த்தைக் கொடுத்துவிட்டு நான் பாதி ராத்திரி உட்கார்ந்தே வந்தேன்.

ஆசாரி வீணையைத் திருப்பிப் போட்டு, குடமும் (உருண்டையான பெரிய பகுதி) தண்டியும் (நீளக் கழுத்து) சேரும் இடத்தில் விரலால் தட்டிக்கொண்டே போனார். எங்கள் வீட்டில் அது ஏகாண்ட வீணை, ஒரே பலாமரத்தில் குடைந்தது என்று ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறோம். "இது ஏகாண்டம் இல்லீங்கம்மா, ஒட்டு" என்று சிரித்தார். ஓர வேலைப்பாட்டுக்கு அடியில் மயிரிழை போல ஒரு கோடு. அந்த ஒட்டு கம்பிகளின் இழுப்பில் மெல்ல வாய் திறந்து தண்டி லேசாக வளைந்துவிட்டது, அதனால்தான் மேல் ஸ்தாயியில் கம்பி மெட்டை விட்டு அவ்வளவு தூக்கி நின்றிருக்கிறது. அம்மாவுக்கு ஃபோனில் சொன்னபோது ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "பாட்டிகிட்ட சொல்லாத" என்றாள்.

இன்னொரு சிக்கல், எப்போதோ சென்னையில் யாரோ அந்த விரிசலில் ஏதோ ரசாயனப் பசையை ஊற்றி, மேற்பலகை மேலேயே கெட்டியாக வார்னிஷும் அடித்திருந்தார்கள். பழைய காலத்து வஜ்ரப் பசையாக இருந்தால் சூடும் ஈரமும் காட்டிப் பிரித்துவிடலாம், இது மரத்தையே பிய்த்துக்கொண்டு வருகிறது என்று ஆசாரி நொந்துகொண்டார். அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு வாரம் ஆனது. பிய்ந்த இடத்துக்குப் புது மரம் வைக்கவில்லை, மூலையில் கிடந்த உடைந்த வீணையின் தண்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்தார்.

எங்களுக்குள் முதல் சண்டை வந்தது அலங்காரத்தில். குடத்தின் ஓரத்தில் தந்தக் கோடுகள், பாதி விழுந்துவிட்டன. தந்தம் இன்று வாங்கவோ விற்கவோ சட்டம் விடாது. மொத்தத்தையும் எடுத்துவிட்டுப் பளிச்சென்று பிளாஸ்டிக் போட்டுத் தருகிறேன் என்றார் அவர். வேண்டாம், இருப்பது இருக்கட்டும், விழுந்த இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் வையுங்கள் என்றேன். வீணை ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும் என்று முகத்தைச் சுளித்தார். இருக்கட்டும் என்றேன். உண்மையில் அப்படித்தான் இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்றாவது பயணம்தான் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் பதிக்க. மர வேலையை அவர் தனியாகச் செய்துவிடலாம், இதற்கு வாசிக்கிறவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகு, சூடு வைக்க ஓர் இரும்புக் கம்பி. பழைய வெண்கல மெட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பள்ளம் புள்ளியாக இல்லை, பக்கவாட்டில் இழுத்துத் தேய்ந்த தடம். "நல்லா இழுத்து வாசிக்கிற கை" என்றார். பாட்டி வாசித்து நான் கேட்டதில்லை. அரத்தால் அவர் அந்தத் தடங்களை ராவி எடுத்தபோது கொஞ்சம் வலித்தது, ஆனால் ராவாவிட்டால் கம்பி சிக்கும்.

இரண்டரைக் கட்டைக்குச் சுருதி கூட்டி, முதலில் 12-ஆவது மெட்டில் மேல் ஷட்ஜம், பிறகு 7-ஆவதில் பஞ்சமம். நான் புத்திசாலித்தனமாக ஃபோனில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து வைத்திருந்தேன். அந்தர காந்தாரம் என்ற 'க' ஸ்வரத்தில் பச்சை விளக்கு எரிந்தது, சரி என்றேன். அவர் தம்புரா ஒலியோடு ஒருமுறை மீட்டச் சொன்னார். காந்தாரம் துருத்திக்கொண்டு நின்றது. செயலி காட்டுவது பியானோவின் காந்தாரம், ஷட்ஜத்தோடு இழையும் காந்தாரம் அதைவிடச் சுமார் 14 சென்ட் கீழே (அடுத்தடுத்த இரண்டு மெட்டுகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). அவர் சென்ட் கணக்கெல்லாம் பேசவில்லை, மெழுகைச் சுட்டு மெட்டைத் தண்டியின் நுனியில் இருக்கும் யாளித் தலைப் பக்கம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நகர்த்தினார், அவ்வளவுதான். ஃபோனை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

முதல் கம்பியான சாரணியில் சரியாக இருப்பது, தடித்த நாலாவது கம்பியான அனுமந்தரத்தில் ஏறி ஒலிக்கும், கம்பி தடிமன் அப்படி. அதற்காகச் சில மெட்டுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்வாக உட்காருகின்றன. எல்லாம் முடிந்தது என்று அவர் கையைத் துடைத்தபோது நான் தோடி ராகம் ஆரம்பித்தேன். காந்தாரத்துக்குக் கம்பியை இழுத்ததும் 'ஜ்ர்ர்' என்று ஒரு சத்தம். அவர் நேராக மீட்டிப் பார்த்தார், இல்லை. நான் இழுத்தால் இருக்கிறது. அடுத்த மெட்டின் ஓரம் ஒரு நூல் உயரம். "உங்க கை இல்லாம இது எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் இரும்புக் கம்பியை அடுப்பில் வைத்தார். அப்படி ராகம் ராகமாக வாசித்து, இரைச்சல் பிடித்து, சுட்டு, அழுத்தி, ஒன்றரை நாள் போனது.

மொத்தம் ஐந்து மாதம், ரயில் செலவு போக 22,000 ரூபாய். வீட்டுக்கு வந்த பிறகு அனுமந்தரத்தில் 15-ஆவது மெட்டில் லேசாக இன்னும் ஓர் இரைச்சல் இருக்கிறது. மெழுகு ஒரு கோடை பார்த்து அடங்கட்டும், அதுவரை நோண்டாதீர்கள், வெயில் படும் சுவரோரம் வைக்காதீர்கள் என்றிருக்கிறார். வைகாசி முடிந்ததும் உழவனில் டிக்கெட் போட வேண்டும்.