தொடக்கநிலை 3 பிள்ளைக்கு ஐகியூ சோதனை: முதல் அழைப்பிலிருந்து அறிக்கை வரை

பிள்ளை வாசிப்பில் பின்தங்குகிறது, ஒருமுறை சோதித்துப் பாருங்கள் என்று ஆசிரியர் சொன்ன அன்றிரவே, இணையத்தில் தேடிக் கிடைத்த முதல் இடத்தில் பணம் கட்டிவிடாதீர்கள். நாங்கள் செய்யப்போய்க் கடைசி நேரத்தில் நிறுத்திய தவறு அது. டிஸ்லெக்சியா (வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் வரும் கற்றல் குறைபாடு) சந்தேகம் என்றால் ஐகியூ சோதனை பாதி வேலைதான். வாசிப்பையும் எழுத்துக்கூட்டலையும் அளக்கும் அடைவுச் சோதனையும் வேண்டும். அது இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு பள்ளியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதானால் விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். ஆகவே முதல் அழைப்பு பள்ளிக்கு: எந்தெந்தச் சோதனை வேண்டும், எவ்வளவு பழைய அறிக்கை வரை செல்லும்?

பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியம் உண்டு, காத்திருக்க வேண்டும். தனியாரிடம் நாள் சீக்கிரம் கிடைக்கும், செலவு எகிறும். பெற்றோர் நேர்காணல், எழுத்து அறிக்கை, விளக்கச் சந்திப்பு மூன்றும் கட்டணத்தில் அடக்கமா என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள்.

இந்த வயதுக்குப் பெரும்பாலும் எடுப்பது விஸ்க்-5 (WISC-V) என்னும் ஐகியூ சோதனை. 2014இல் வந்த பதிப்பு. 6 வயதிலிருந்து 16 வயது 11 மாதம் வரை. முதன்மைத் துணைச்சோதனைகள் (சோதனைக்குள் இருக்கும் சிறு பகுதிகள்) 10. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அடைவுச் சோதனையும் சேர்ந்தால் காலைப்பொழுது முழுவதும் போய்விடும். காலை நேரமாகவே கேளுங்கள். துணைப்பாட வகுப்பு முடிந்து களைத்து வரும் பிள்ளையைச் சோதித்தால் களைப்புக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். மூக்குக்கண்ணாடியை மறக்க வேண்டாம். சளி, காய்ச்சல் என்றால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

உள்ளே பெற்றோருக்கு இடமில்லை, ஆனால் அங்கே பிள்ளைகள் எதில் தடுமாறுவார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது. எண்களைச் சொல்லித் திரும்பச் சொல்லவைக்கும் பகுதியில் நொடிக்கு ஓர் எண். "மறுபடி சொல்லுங்க" என்றால் சொல்ல மாட்டார்கள். குறியீடுகளைப் பார்த்து வரையும் பகுதிக்கு 120 நொடி. கையில் கொடுப்பது அழிப்பான் இல்லாத பென்சில். ஒவ்வொரு குறியையும் அழகாக வரையும் பிள்ளை இங்கே அடிவாங்கும். மூளை மெதுவா, கை மெதுவா என்று மதிப்பெண் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. "அழகா எழுதணும்னு பார்த்து மெதுவாப் பண்ணினாளா?" என்று பிறகு கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல உளவியலாளர் அதைக் குறித்துவைத்திருப்பார்.

தமிழ்க் குடும்பங்கள் கோட்டைவிடும் இடம் மொழி. இரண்டு பொருளுக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்கும் பகுதியில் ஒவ்வொரு பதிலுக்கும் 0, 1, 2 என மதிப்பெண். குடை, செருப்பு என்று வையுங்கள் (சோதனையில் உள்ளதல்ல, நான் சொல்வது). "வெளியே போகும்போது எடுத்துப்போவோம்" என்றால் மேலோட்டமான பதில். "இரண்டும் உடம்பைப் பாதுகாக்கும்" என்றால் முழு மதிப்பெண். பாட்டியோடு தமிழிலேயே பேசி வளர்ந்த பிள்ளைக்குக் கருத்து தெரிந்திருக்கும், அந்த ஆங்கிலச் சொல் வராது. வீட்டில் எந்த மொழி எவ்வளவு என்று நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். மொழியைக் குறைவாகச் சார்ந்த சொல்சாரா குறியெண்ணையும் (குறியெண் என்பது சில துணைச்சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிடும் மதிப்பெண்) கணக்கிட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள். எந்த நாட்டுப் பிள்ளைகளின் அளவுகோலோடு ஒப்பிட்டார்கள் என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

இணையத்தில் மாதிரிக் கேள்வி தேடிப் பயிற்சி கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். முதல்முறை பார்க்கும் பிள்ளைகளை வைத்து வகுத்த அளவுகோல் அது. பழக்கிவிட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. உதவி தேவைப்படும் பிள்ளைக்கு உதவி கிடைக்காமல் போவதும் இப்படித்தான்.

அறிக்கை வந்ததும் எல்லாரும் முதலில் தேடுவது மொத்த ஐகியூ. சராசரி 100, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 15. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில்தான். 98 என்றால் பக்கத்தில் சதமானம் 45 என்று இருக்கும். அதைப் பார்த்து "நூற்றுக்கு நாற்பத்தைந்தா, பெயிலா?" என்று பதறும் அப்பாக்கள் உண்டு. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் 45 பேரை எட்டியோ தாண்டியோ நிற்கிறாள் என்பதுதான் பொருள், நட்டநடுச் சராசரி. துணைச்சோதனை மதிப்பெண்ணுக்கு அளவுகோல் வேறு, அங்கே சராசரி 10. அதில் 9 வந்தால் கவலை வேண்டாம்.

மொத்த எண் 10 துணைச்சோதனைகளில் 7இலிருந்துதான் வருகிறது. ஐந்து முதன்மைக் குறியெண்களில் ஒன்று 118, இன்னொன்று 86 என்று விரிந்து கிடந்தால், நடுவில் வரும் மொத்த எண் எந்தப் பக்கத்தையும் காட்டாது. விளக்கச் சந்திப்பில் பாதி நேரத்தை இந்த இடைவெளிக்குக் கேட்டு வாங்குங்கள்: செயல்நினைவு (கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் திறன்) குறைவு என்றால் வகுப்பில் என்ன மாற்ற வேண்டும், வீட்டுப்பாடத்தை எப்படித் துண்டுதுண்டாகக் கொடுப்பது, கூடுதல் நேரம் உதவுமா உதவாதா. "கூடுதல் ஆதரவு தேவை" என்று பொதுவாக எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தப் பாடத்தில், என்ன ஆதரவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பள்ளிக்குப் பிரதி, மூலம் வீட்டில். வேறிடத்தில் மறுபடி எடுக்க நினைத்தால் ஓராண்டாவது, முடிந்தால் இரண்டாண்டு, இடைவெளி விடுங்கள். முன்பு எடுத்த தேதியையும் பதிப்பையும் புதியவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.