விழும் கலத்தினுள் எரியும் துளி: பிரெமன் நாட்குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்

ஜெர்மனியின் பிரெமன் நகரில் எடையின்மைச் சோதனைகளுக்காக உள்ள ஸார்ம் கோபுரத்தின் விழுகுழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் பணி காலையிலேயே தொடங்கிவிட்டது. 110 மீட்டர் உயரமுள்ள அக்குழாயை வெற்றிடமாக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகிறது. அதன் பயனாக, சோதனைக் கலம் அதனுள் விழும்போது கிடைப்பது 4.74 விநாடி எடையின்மை. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஹெப்டேன் எரிபொருள் துளி எரிந்து தீர அதுவே போதும். தரையில் சூடான வாயு மேலெழுந்து சுடரை நீட்டிவிடுகிறது. இங்கே சுடர் கோளமாக நிற்பதால், துளியின் மையத்திலிருந்து உள்ள தொலைவு ஒன்றையே கொண்டு முழுக் கணக்கையும் போட முடிகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் குமகாயும் இசோடாவும் 1957-இல் வெளியிட்ட ஆய்வில் எரியும் துளியை விழவிட்டுப் படமெடுத்ததும் இந்த எளிமையை நாடித்தான்.

மார்ச் 5, புதன்

வெப்பநிலையை அளக்கும் வெப்பமின்னிரட்டைக் கம்பியைச் சுடருக்கு அருகில் கொண்டுசென்றால் அதுவே வெப்பத்தை உறிஞ்சிக் கோளத்தைக் குலைத்துவிடும். ஆகவே லேசர் கற்றையை மெல்லிய தகடுபோல விரித்துத் துளியின் நடுவே செலுத்துகிறோம். எரிதலின்போது உருவாகும் இரு பொருள்களில், 355 நானோமீட்டர் ஒளி ஃபார்மால்டிஹைடையும், 283 நானோமீட்டருக்கு அருகிலுள்ள ஒளி ஹைட்ராக்சிலையும் ஒளிரச் செய்கின்றன. முன்னது குளிர்ச்சுடரின் (குறைந்த வெப்பநிலையில், கண்ணுக்குப் புலப்படாத அளவு மங்கலாக எரியும் சுடரின்) அடையாளம், பின்னது வழக்கமான வெப்பச்சுடரின் அடையாளம் என்பதால், துளி தீப்பற்றுவதன் இரு கட்டங்களையும் தனித்தனியே காணலாம்.

மார்ச் 7, வெள்ளி

விநாடிக்கு 10 துடிப்பு தரும் லேசரில் ஒரு வீழ்ச்சிக்கு 47 படங்களே கிடைக்கும். ஒவ்வொரு துடிப்பும் சில நானோவிநாடிகளே நீடிப்பதால் படம் துல்லியமாக இருக்கிறது. ஆனால் குளிர்ச்சுடர் வெப்பச்சுடராக மாறும் கணம் இரு படங்களுக்கிடையே நழுவிவிடக்கூடும். ஒவ்வொரு துடிப்பின் ஆற்றலைக் குறைத்தேனும் விநாடிக்கான துடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மங்கலான படத்திலிருந்து ஓரளவேனும் மீட்டெடுக்கலாம், எடுக்காத படத்திலிருந்து எதையும் பெற முடியாது.

மார்ச் 10, திங்கள்

இன்று முழுவதும் ஒளிவடிகட்டிகளுடனே கழிந்தது. துளியின் பரப்பு சிதறடிக்கும் லேசர் ஒளி, ஃபார்மால்டிஹைடின் மெல்லிய ஒளிர்வை விடப் பன்மடங்கு வலியது. புகைக்கரியோ இன்னும் கடினமான சிக்கல்: துளியிலிருந்து வெளியேறும் ஆவி அதனை வெளிநோக்கித் தள்ள, சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கம் நகர்த்தும் விசை உள்நோக்கித் தள்ள, இரண்டும் சமமாகும் இடத்தில் துளியைச் சுற்றி ஓர் ஓடாக அது தங்கிவிடுகிறது. லேசர் பட்டதும் அந்த ஓடு சூடேறித் தானே ஒளிவீசும்.

இவ்வளவு முயற்சிக்கும் காரணம் 2012-இல் வெளியான விண்வெளி நிலைய ஆய்வு. கண்ணுக்குத் தெரிந்த சுடர் அணைந்த பின்னரும் பெரிய ஹெப்டேன் துளிகள் விரைவாகச் சுருங்கிக்கொண்டே சென்றன. குளிர்ச்சுடரே அதற்குக் காரணம் என்று அங்கே உய்த்துணர்ந்தார்கள். அத்தகைய சுடரில் ஃபார்மால்டிஹைடு எங்கே உருவாகிறது, எவ்வளவு தடிமனில் பரவுகிறது என்பதை நேரடியாக அளக்க வேண்டும். அடுத்த வீழ்ச்சிக்கு 355 நானோமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு, படக்கருவியின் திறப்பு நேரத்தை மேலும் சுருக்க முடிவுசெய்திருக்கிறோம்.