மூணாவது ஈத்து

மினசோட்டாவுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. மினசோட்டா ஸ்டேட் ஃபேர் என்கிற மாநிலக் கண்காட்சி நடக்கும் ஆகஸ்ட் கடைசியானால் அலுவலகத்தில் ஒரே கேள்விதான்: "ஃபேருக்குப் போனாயா? என்ன சாப்பிட்டாய்?" என்ன பார்த்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவர்களைச் சொல்வானேன், நானும் வருடாவருடம் தின்பதற்காகப் போகிறவன்தான்.

இந்த வருடம் சிகாகோவிலிருந்து நண்பன் வந்திருந்தான். கோயமுத்தூரில் நாலு வருடம் ஒரே விடுதி அறையில் கிடந்தவர்கள் நாங்கள். அவனுக்கு ஊர் பொள்ளாச்சிப் பக்கம். வீட்டில் மாடு உண்டு என்று தெரியும், ஆனால் கல்லூரியில் அவன் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஊருக்குப் போய்விட்டு ஞாயிறு இரவு அறைக்குள் நுழைந்ததும் சட்டைக் கையை முகர்ந்து பார்ப்பான். அப்புறம் நேராகக் குளியலறை. அதனால் நான் போட்ட திட்டத்தில் மாட்டுக் கொட்டகையே கிடையாது.

திடல் இருப்பது மினியாபொலிசுக்கும் செயின்ட் பாலுக்கும் நடுவில், ஃபால்கன் ஹைட்ஸில். 322 ஏக்கர். வண்டியை எங்கோ தொலைவில் இலவசமாக நிறுத்திவிட்டு, அவர்கள் விடும் பேருந்தில் போய் இறங்குவதுதான் புத்திசாலித்தனம். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று முடியும்படி 12 நாள் நடக்கும். 2018-இல் ஒரே சனிக்கிழமையில் 2,70,426 பேர் வந்தார்கள். நாங்கள் போனதும் சனிக்கிழமைதான். வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும், "பழனி தைப்பூசம் மாதிரியல்ல இருக்குது" என்றான்.

முதலில் வயிற்றுப்பாடு. இங்கே எதையும் குச்சியில் குத்தித்தான் தருவார்கள். மாவில் தோய்த்துப் பொரித்த சாசேஜை 1947 முதல் இப்படி விற்கிறார்கள். பாலாடைக்கட்டித் துணுக்குகளையும் மாவில் முக்கிப் பொரித்துத் தருகிறார்கள். நம் பஜ்ஜியின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம், சூடு ஆறினால் ரப்பர். சுட்ட மக்காச்சோளத்தை உரித்து உருகிய வெண்ணெயில் முழுசாக முக்கி எடுத்துக் கொடுத்தார்கள். எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் இல்லாத சோளம் எனக்கு என்றைக்கும் அரைகுறைதான். 1901 செப்டம்பர் 2-ஆம் தேதி, அப்போது துணை அதிபராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் 'மெல்லப் பேசு, கையில் பெரிய தடி வைத்துக்கொள்' என்று பேசியது இந்தக் கண்காட்சியில்தான். இங்குள்ள மக்கள் அதைக் கொஞ்சம் தவறாகப் புரிந்துகொண்டு குச்சியைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு.

அடுத்தது ராட்டினம் என்று அவனை இழுத்துக்கொண்டு போனேன். வழியில் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. வைக்கோலும் சாணமும் கலந்த வாசம். அவன் நின்றுவிட்டான்.

"மாடு எங்கடா?"

ராட்டினம் அத்தோடு போயிற்று.

கொட்டகைக்குள் வரிசை வரிசையாகக் கறவை மாடுகள். கருப்பும் வெள்ளையுமான ஹோல்ஸ்டீன், நம் ஊரில் எச்.எப். மாடு என்கிறோமே, அதுதான் முக்கால்வாசி. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஓர் அட்டை: பெயர், பிறந்த தேதி, தாய், தகப்பன். அவன் அட்டைகளை விடாமல் படித்துக்கொண்டே போனான். "காளை பேரக்கூட எழுதி வெச்சிருக்கான் பாரு. எங்கூர்ல சினை ஊசி போடற டாக்டருக்கே அது என்ன காளைன்னு தெரியாது." மாடுகளைக் கொண்டுவந்திருந்தவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். ஒரு பையன் படுத்திருந்த மாட்டின் விலாவில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னொருத்தி வால்முடியைச் சீவி, காற்று ஊதும் கருவியால் உலர்த்திக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு ஜடை பின்னும்போது இருக்கும் அதே கவனம்.

நண்பன் அந்த மாட்டைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். முதலில் நெற்றிச் சுழி, பிறகு முதுகுச் சுழி. பின்னால் போய்க் குனிந்து மடி நரம்பைப் பார்த்தான். பல்லைப் பிடித்துப் பார்க்கக் கை நீண்டபோது நான் பிடித்து இழுத்தேன். "சுழி சுத்தம். இது எத்தனாவது ஈத்துன்னு கேளுடா" என்றான்.

ஈத்துக்கு ஆங்கிலத்தில் என்ன? நான் சேலம் டவுனில் வளர்ந்தவன், எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் மீட்டிங் நடத்திச் சம்பளம் வாங்குகிறவன், ஒரு நிமிடம் திணறிவிட்டு, "ஹவ் மெனி பேபீஸ்?" என்று கேட்டான். அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும். சிரிக்காமல், "தர்ட் லாக்டேஷன்" என்றாள். "மூணாவது ஈத்து!" என்று என் தோளில் அறைந்தான். அதற்கப்புறம் அவர்கள் இருவருக்கும் நான் தேவைப்படவில்லை. ஒரு நாளைக்கு 85 பவுண்டு பால் கறக்கிறதாம். கைபேசியில் கணக்குப் போட்டு, "முப்பத்தேழு லிட்டர்டா!" என்று கிசுகிசுத்தான்.

சின்ன வயதில் ஆடி மாதம் அப்பாவோடு அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போன கதையை அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னான். தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தே விலை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கண்டுபிடித்துவிடுவானாம். நாலு வருடம் எதிர்க் கட்டிலில் படுத்திருந்தவனுக்கு இதெல்லாம் தெரியாமல் போயிருக்கிறது. நான் கேட்கவும் இல்லை.

அடுத்து, மாடும் பன்றியும் ஆடும் குட்டி போடுவதை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கும் கூடம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் கூடவே இருக்கிறார்கள். ஒரு மாடு கன்று ஈன்றது. கூட்டம் கைதட்டியது, என் கண்ணும் கொஞ்சம் கலங்கியது. இவன் கன்றைப் பார்க்கவில்லை. இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றான். "அத நாய் தின்னுட்டா பால் வத்திரும்னு ஆத்தா சொல்லும். வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டோணும்." 322 ஏக்கரில் ஆலமரத்துக்கு எங்கே போவது?

பால் பண்ணைக் கட்டடத்தில் சுழலும் கண்ணாடி அறைக்குள் வெண்ணெய்ச் சிலை. ஆண்டுதோறும் பால் உற்பத்தியாளர்களின் தூதராக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, 'பால்வீதியின் இளவரசி கே' என்று பட்டம் சூட்டுகிறார்கள். 90 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 41 கிலோ வெண்ணெய்க் கட்டியில் அவள் தலையைச் செதுக்குவார்கள். அவள் கம்பளிக் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் அந்தக் குளிரில் உட்கார வேண்டும். 1965 முதல் நடக்கிறது. "நாலு கொத்து முருங்கைக்கீரை போட்டு உருக்குனா…" என்று ஆரம்பித்தவன், சிலையின் மூக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஒருமுறை காசு கொடுத்தால் வேண்டுமட்டும் பால் குடிக்கலாம் என்ற கடையில் நான் மூன்று கோப்பை குடித்தேன். அவன் ஒன்றோடு சரி. "நல்ல பாலுதான். மாட்டு வாசமே இல்ல."

திரும்பும் பேருந்தில் ஏறும்போது மணி ஏழே முக்கால். ஊரில் காலை ஆறேகால், பால் கறக்கும் நேரம். அவன் அப்பாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான். பாத்திரம் உருளும் சத்தமும் ஒரு கன்றின் குரலும் கேட்டன. முப்பத்தேழு லிட்டர் என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"வெலை என்ன சொன்னாங்க?"

"விக்கறதுக்கு இல்லீங்கப்பா. போட்டிக்குக் கொண்டாந்தது. காட்டறதுக்கு."

"காட்டறதுக்கா? அப்பறம் நீ என்னத்துக்குடா அத்தன நேரம் அங்க நின்னே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.