டிரைவரா, வண்டியா?

"டிரைவர்கிட்ட தப்பா, வண்டில தப்பா, ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க தம்பி" என்று ஓனர் கேட்டார். "ரெண்டுலயும் இருக்குதுங்க" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆனாலும் அது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

ஊட்டியிலிருந்து கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கும் பிக்கப் அது. பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. எங்களிடம் வருவதற்கு முன்பே வேறு பட்டறையில், சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கை லேத்தில் சீவிப் பார்த்துவிட்டார்கள். புது டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் பேடும் புதுசாகப் போட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள் ஒழுங்காக நிற்கும், அப்புறம் பழைய ஆட்டம்.

இதைப் பொதுவாக எல்லோரும் டிஸ்க் பெண்டு என்றுதான் சொல்வோம். நிஜத்தில் டிஸ்க் வளைவது அபூர்வம். சக்கரமும் டிஸ்க்கும் மாட்டுகிற ஹப்பில் அது ஒரு இம்மி சாய்ந்து உட்கார்ந்திருந்தால், பிரேக் பிடிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை உரசிக்கொண்டே போகும், சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே சில வண்டிகளில் காலுக்குத் தெரியும். வேலை முடித்து அனுப்புகிற அன்று ஒன்றும் தெரியாமல் பிறகு கிளம்புவது இதனால்தான். அதிகச் சூட்டில் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டாலும் இதே ஆட்டம் வரும். டிஸ்க்கை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் ரெண்டுமே திரும்பி வரும்.

இந்த முறை சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் டயல் கேஜ் வைத்தேன். முள் 0.15 மில்லிமீட்டர் வரை போய் வந்தது, பொதுவாக 0.1 தாண்டக் கூடாது. டிஸ்க்கை எடுத்தால் ஹப் முகத்தில் ஒரு ஓரமாகத் துரு பொருக்குத் தட்டி நின்றது. அதைச் சுரண்டித் தேய்த்துவிட்டு, அளந்து பார்க்க அதே டிஸ்க்கைத் திருப்பி மாட்டினேன், முள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. சரி, கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பழக்கதோஷத்தில் பின் பிரேக் ட்ரம்மையும் திறந்தேன். முன்னால் பேட் தீய்ந்து கிடக்கிறது, பின்னால் ட்ரம்முக்குள் உரசும் லைனர் கடையில் வாங்கிய மாதிரியே இருக்கிறது. கீழே படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, லோடுக்காகப் பின்னால் ஸ்பிரிங் பட்டை கூட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி வண்டிகளில் பின் ஆக்சிலில் இருந்து ஒரு கம்பி போய் ஒரு வால்வைத் தள்ளும். லோடு ஏறிப் பாடி தணிந்தால்தான் அந்த வால்வு பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் விடும். பட்டை கூட்டினால் பாடி தணியாது. ஒரு டன்னுக்கு மேல் கேரட் இருந்தாலும் வண்டி காலி என்றே வால்வு கணக்குப் பண்ணும். மொத்த வேலையும் முன் டிஸ்க் தலையில். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். வண்டியும் லோடுமாக மூன்று டன் அவ்வளவு தூரம் இறங்குகிற சூட்டைக் கணக்குப் போட்டால் 150 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும், மிச்சத்தை இன்ஜினோ பிரேக்கோதான் தின்ன வேண்டும்.

இன்ஜின் எவ்வளவு தின்கிறது என்பது டிரைவரோடு போனபோதுதான் தெரிந்தது. ட்ரையலுக்குக் கொஞ்சம் மேலே ஏறித் திரும்பினோம். இறக்கம் தொடங்கியதும் அவன் கை தானாக கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது. பேச்சுக்கூட நிற்கவில்லை, அவ்வளவு பழக்கம். "செகண்ட்ல போ தம்பி, இன்ஜினே வண்டியப் புடிச்சுக்கும்" என்றேன். "ஓனர் மைலேஜ் கேக்கறாருங்கண்ணா" என்றான். கம்ப்யூட்டரே டீசலை அளந்து விடுகிற இப்போதைய காமன் ரெயில் இன்ஜினில் கியரில் விட்டு ஆக்சிலரேட்டரை விட்டால் டீசலே போகாது, நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும் என்று சொன்னேன். நம்பாத மாதிரி சிரித்தான்.

இதையெல்லாம் வைத்துத்தான் ரெண்டுலயும் என்றேன். பொய் இல்லை. மழுப்பலும் இல்லை. ஓனர் உடனே, "டிரைவர் என்ன பண்றான்?" என்று கேட்டார். நியூட்ரலைச் சொன்னேன். வண்டியில் என்ன என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான் பட்டையையும் வால்வையும் சொன்னேன், அதற்குள் அவருக்கு மண்டியிலிருந்து போன் வந்துவிட்டது. மைலேஜ் கேட்பது நீங்கள்தானே என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவன் என்னை நம்பிச் சொன்னது, சொன்னால் அவனுக்குத்தான் வம்பு என்று விட்டேன். எப்படியும் வம்பு வந்தது, அடுத்த வாரமே ஆளை மாற்றிவிட்டார்.

சொல்லாமலே இருந்திருக்கலாமா? மலை இறக்கத்தில் நியூட்ரலில் வருகிறவனைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருந்து நாளைக்குக் கல்லாறு வளைவில் ஏதாவது ஆகியிருந்தால்? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராகவே இருக்கிறது. ரொம்பத் தயாராக இருப்பதுதான் உறுத்துகிறது.

அதற்கப்புறம் ஆட்டம் வரவில்லை. ஓனர் பார்க்கும் இடத்திலெல்லாம் "ஆளை மாத்துனேன், பிரேக் சரியாயிருச்சு" என்கிறார். ஆனால் அதே நேரத்தில் ஹப்பைச் சுத்தம் பண்ணியிருக்கிறோம், புது டிஸ்க் போட்டிருக்கிறோம், வீல் நட்டைக் காற்றுக் கன்னில் அடிக்காமல், அளவு காட்டும் டார்க் ரெஞ்சில் ஒரே மாதிரி இறுக்கியிருக்கிறோம், வால்வுக் கம்பியை லோடு வைத்து மறுபடி செட் பண்ணியிருக்கிறோம். எதனால் சரியானது என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் ஊட்டி இறக்கத்தில் ஓடுகிற வண்டியின் பிரேக்கில் யார் சோதனை பண்ணுவது? வால்வுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். அது என் நினைப்பு, ஒருவேளை அந்தப் பையனுக்காக அப்படி நினைக்கிறேனோ என்னவோ.

போன மாதம் அவனை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பார்த்தேன். இப்போது வேறு வண்டி ஓட்டுகிறான். "அண்ணா, அந்த வண்டில என்னதான் இருந்துச்சு?" என்று கேட்டான். பட்டை, வால்வு எல்லாம் சொன்னேன்.

"இத அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன். எதைச் சொன்னதற்கு அப்புறம் சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை.