ஒத்தை பிராக்கெட்டா, ரெட்டை பிராக்கெட்டா?

டீமுக்குப் புதுசா வர்றவங்க ஷெல் ஸ்கிரிப்ட் (டெர்மினல்ல அடிக்கிற கமாண்டுகளை வரிசையா எழுதின ஃபைல்) ரிவ்யூல தவறாம கேக்குற கேள்வி, இஃப்-க்கு அப்புறம் [ போடவா [[ போடவான்னு. நான் திருப்பிக் கேக்குறது, முதல் வரில, ஸ்கிரிப்டை ஓட்டுற ஷெல் பாஷ்னு இருக்கா வெறும் எஸ்ஹெச்னு இருக்கா? அது தெரியாம பதில் சொல்ல முடியாது.

[ ஒரு கமாண்டு. அதனால அது ஓடுறதுக்கு முன்னாடியே ஷெல் வேரியபிளை விரிச்சு, ஸ்பேஸ் வர்ற எடத்துல எல்லாம் துண்டு போட்டுடும். வேரியபிள் காலியா இருந்து, அதைச் சுத்தி கோட்ஸும் (மேற்கோள் குறி) போடலன்னா ஆர்கியூமென்ட்டே காணாமப் போயிடும். பல நேரம் எரர் வரும், அது நல்லது, மோசம் என்னன்னா "காலியா இல்லையா"ன்னு பாக்குற மைனஸ் என் டெஸ்ட்தான், கோட்ஸ் இல்லாட்டி காலி வேரியபிளுக்கும் சத்தமே இல்லாம ஆமான்னு சொல்லிடும்.

[[ கார்ன் ஷெல்ங்கிற இன்னொரு ஷெல்லேர்ந்து பாஷுக்கு வந்தது, ஷெல்லோட இலக்கணத்துலயே இருக்கறதால இந்தத் துண்டு போடுற வேலை கிடையாது. அதான் பாஷ்னா எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனா உபுண்டுல 2006ல வந்த 6.10 வெர்ஷன்லேர்ந்து எஸ்ஹெச்னா டாஷ்ங்கிற வேற ஷெல்தான், அதுக்கு [[ தெரியாது. "நாட் ஃபவுண்ட்"னு ஒரு வரி எழுதிட்டு, இஃப் அதைப் பொய்னு எடுத்துக்கிட்டு எல்ஸ் பக்கம் போயிடும், கமாண்டு தோத்தா ஸ்கிரிப்டை நிறுத்துற செட் மைனஸ் ஈ போட்டிருந்தாலும் நிக்காது, ஏன்னா இஃப் கண்டிஷன்ல வர்ற தோல்வியை அது கணக்குல எடுக்காது. பேக்கப் ஃபைல் ஏற்கனவே இருந்தா நிறுத்துன்னு எழுதின ஸ்கிரிப்ட், நிக்காம அதுமேலயே எழுதிட்டுப் போகும்!

நம்பர்னு வந்தா கதை மாறுது. மாசத்தை டேட் கமாண்டுலேர்ந்து எடுத்து [[ உள்ள நம்பர் சமமான்னு பாக்குற மைனஸ் ஈக்யூ வச்சு ஒப்பிட்டா ஜூலை வரைக்கும் ஒரு பிரச்சனையும் வராது, ஆகஸ்ட்ல 08 வரும், முன்னாடி சைபர் இருக்கறதால பாஷ் அதை ஆக்டல்னு (0லேர்ந்து 7 வரைக்கும் மட்டுமே இலக்கம் இருக்குற எண் முறை) படிக்கும், ஆக்டல்ல 8 ஏது, எரர். செப்டம்பரும் அப்படியே, அக்டோபர்ல தானா சரியாயிடும், அதுக்குள்ள யாரும் தேடலன்னா அடுத்த வருஷம்தான். இந்த எடத்துல பழைய [ 08-ஐ ஒழுங்கா எட்டுன்னே எடுத்துக்கும். [[ தான் வேணும்னா வேரியபிளுக்கு முன்னாடி, இது சாதாரண பத்தடிமான நம்பர்னு சொல்ற 10# சேக்கணும்.

ஸ்கிரிப்டுல தப்பு தேடுற ஷெல்செக் டூலை ஓட்டினா விட்டுப்போன கோட்ஸையும், எஸ்ஹெச் ஸ்கிரிப்ட்ல இருக்குற [[ ஐயும் காட்டிக் குடுத்துடும். மாசத்தோட நம்பர் ஸ்கிரிப்ட் ஓடும்போதுதான் வருதுங்கிறதால 08 அதுக்குத் தெரியாது, அதை மட்டும் வேரியபிள்ல கையால போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு ரிவ்யூக்கு அனுப்பச் சொல்றேன்.